நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

பதினேழாம் எண் வண்டி வரிசையில் நகர்ந்து வந்தபோது ஹிசாயோ வண்டியைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்த ஆளைத்தான் பார்த்தாள். உசுகுரா. ஆறு வருஷத்தில் தொப்பை கொஞ்சம் கூடியிருந்தது, முடி கொஞ்சம் குறைந்திருந்தது, நடை மட்டும் மாறவில்லை. ஜப்பானில் ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அத்தனையையும் தானே பெற்றுப் போட்ட மாதிரி ஒரு நடை. அறுபது வயசுக்காரர், ஷிராகவாவில் பெரிய பட்டறைக்காரர், மரியாதைக்கு 'அவர்' என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஹிசாயோவின் மனசுக்குள் அவன் 'அவன்'தான். இந்தக் கதையிலும் அப்படியே இருக்கட்டும்.

கிட்சுனேதைரா மலைத் திடலில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு வரும் வண்டிகளைச் சோதித்து, சரியாக இருந்தால் கண்ணாடியில் நீல ஸ்டிக்கர் ஒட்டுவது ஹிசாயோவின் வேலை. ஸ்டிக்கர் இல்லாத வண்டி தடத்தில் இறங்க முடியாது. இரண்டு வருஷமாக அவள் இந்த வேலையில் இருக்கிறாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் தன் பெட்டியின் அடித்தட்டில், சோற்று உருண்டை கட்டும் துணியில் முடிந்த ஒரு பொருளையும் கொண்டு வருகிறாள். ஒரு நாள் இவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் விடக்கூடாது என்பதும் தெரியும்.

விஷயம் இதுதான். உசுகுராவின் பட்டறையில் அவள் பதினாலு வருஷம் ஸ்பானர் பிடித்தவள். அந்தப் பட்டறையில் கை வைக்கும் ஸ்போர்ட்ஸ் காரில் மூன்று தலைமுறை மாடல்கள். முதல் தலைமுறை எடை குறைவு, வளைவில் பூனை போல் திரும்பும், ஆனால் பிரேக் சும்மா பேருக்குத்தான். மூன்றாம் தலைமுறைக்கு உடம்பு கனம், பிரேக் பிரமாதம். மூன்றாவதன் பிரேக்கைக் கழற்றி முதலாவதில் மாட்டிவிட்டால் சொர்க்கம் என்று எல்லாருக்கும் ஆசை. ஒரே கம்பெனி, ஒரே வம்சம்தானே என்று நினைத்தால் ஏமாற்றம்தான், தாத்தாவின் காலுக்குப் பேரனின் செருப்பு ஏறாது. சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் எந்த வருஷத்தது எதில் ஏறும், எங்கே மூன்று மில்லிமீட்டர் வாஷர் வைக்க வேண்டும் என்று நான்கு வருஷம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தவள் ஹிசாயோ. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைத் தாங்க ஒரு இரும்புப் பிராக்கெட்டையும் அவளே வெட்டி, அவளே துளை போட்டாள். செய்கிற முறையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஏன் அப்படி என்று காரணமும் எழுதி வைத்தாள்.

உசுகுரா அந்தத் தாளை வாங்கினான். காரணங்களை எல்லாம் அடித்தான். "வாங்குறவனுக்குக் காரணம் எதுக்கு? சொன்னதைச் செஞ்சா போதும்" என்றான். பளபளப்பான காகிதத்தில் அச்சடித்து, மேலே தன் படத்தைப் போட்டான். பத்திரிகைக்காரன் வந்தபோது, பின்னால் நின்ற ஹிசாயோவைக் காட்டி, "இது நம்ம பட்டறைல டீ போடற பொண்ணு, ஸ்பானரும் எடுத்துக் குடுக்கும்" என்றான். அதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது அடுத்து வந்தது.

பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டுவது நேரம் பிடிக்கிறது என்று, அவளைக் கேட்காமலே எங்கேயோ கொடுத்து வார்ப்பில் ஊற்றி வாங்கினான். அதில் ஒன்று, நிரசாவா என்ற வாடிக்கையாளர் மலைச் சாலையில் இறங்கும்போது இரண்டாக உடைந்தது. வண்டி கல்சுவரில் போய்ச் சொருகியது. நிரசாவாவின் இடது முழங்கால் போயிற்று.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை இறுக்குகிறவர், நட்டிலிருந்து பிராக்கெட் வரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். இன்னொருவர் இறுக்கத்தை அளக்கும் கருவியை வைத்துத் திரும்பப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். வெள்ளை ஹிசாயோவுடையது. சிவப்பு முதலாளியுடையது. முதலாளி கருவியைத் தொட்டதே இல்லை. வாயில் சிகரெட்டோடு வந்து, பள்ளிக்கூட வாத்தியார் டிக் அடிக்கிற மாதிரி இழுத்துவிட்டுப் போவான்.

விபத்து நடந்த மறுநாள் ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்டுக் கிடந்த நிரசாவாவின் கட்டிலுக்கு முன்னால், "நட்டைச் சரியா இறுக்காம விட்டது இவதாங்க" என்று உசுகுரா அவள் தலையில் கட்டினான். பிடரியில் கை வைத்துத் தரையை நோக்கி அழுத்தினான். அவள் முழந்தாளிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். "நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காதே" என்றான். தரையில் பினாயில் நாற்றம். நிரசாவாவின் அம்மா அழுவது மேலே கேட்டுக்கொண்டிருந்தது. உசுகுரா வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்துதான் "போதும்" என்றான்.

அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை போயிற்று. போகும்போது பழைய இரும்புத் தொட்டியில் கை விட்டு, உடைந்த பிராக்கெட்டின் ஒரு பாதியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அப்போதே காட்டியிருக்கலாம். யாரிடம் காட்டுவது? நெற்றியைத் தரையில் வைத்தவளின் பேச்சை அந்த ஊரில் யார் கேட்பார்கள்? 'நட்டு இறுக்காத ஹிசாயோ' என்று பேராகிப்போன பிறகு எந்தப் பட்டறையிலும் அவளை உள்ளே விடவில்லை. நான்கு வருஷம் அறுவடை இயந்திரங்களுக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் மலைத் திடல்காரர், ஊர்ப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷர், இந்த வேலையைக் கொடுத்தார்.

இப்போது அவன் எதிரில் நிற்கிறான்.

"அட, ஹிசாயோவா!" உசுகுரா சத்தமாகச் சிரித்தான். கூட வந்த பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். "நல்லா இருக்கியாம்மா? இங்கயும் டீ போடறியா?"

"இங்க ஸ்டிக்கர் ஒட்டறேன், முதலாளி."

"ஒட்டு, ஒட்டு. சீக்கிரம் ஒட்டிடு. இன்னைக்குப் படம் எடுக்கறாங்க. மூணாவதோட பிரேக்கை முதல் தலைமுறைக்குப் போட்டது போதும்னு இப்ப இரண்டாம் தலைமுறைக்கே போட்டுட்டேன். யாரும் செய்யாதது."

வண்டிக்குள் ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவர் நிரசாவா. இடது கால் நீட்டியபடி இருந்தது. விபத்துக்குப் பரிகாரமாக உசுகுரா தன் கைப்பட இந்த வண்டியைச் செய்து கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நிரசாவா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா? நட்டு இறுக்கமா இருக்கான்னு நீங்களா பாக்கப் போறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹிசாயோவுக்குக் காது வரை எரிந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தருகே உட்கார்ந்தாள்.

சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே வெளிச்சம் அடித்தாள். வெள்ளைக் கோடு இருந்தது. சிவப்புக் கோடும் இருந்தது, அதே வாத்தியார் டிக். அப்புறம் காலிப்பரைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தப் பக்கம் பார்த்துவிட்டு எழுந்துபோய் அந்தப் பக்கமும் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான்.

பிரேக் ஆயிலுக்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. காற்றை வெளியேற்ற ஒவ்வொரு காலிப்பரிலும் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். காற்று மேலேதான் ஏறும் என்பதால் நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும். இந்த வண்டியில் கீழே இருந்தது.

ஏன் என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. முதல் தலைமுறையில் காலிப்பர் சக்கரத்தின் முன்புறம் உட்காரும். மூன்றாவதில் பின்புறம். அதனால் மூன்றாவதன் காலிப்பரை முதலாவதில் போடும்போது வலதை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். அவள் தாளில் நாலாவது வரி அது: 'வலது இடது மாற்றிப் போடவும்.' ஆனால் இரண்டாம் தலைமுறையில் காலிப்பர் மூன்றாவதைப் போலவே பின்னால்தான். அங்கே மாற்றவே கூடாது. காரணத்தை அடித்துவிட்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டவனுக்கு அது எப்படித் தெரியும்? சொன்னதைச் செய்தால் போதும் என்றானே, செய்திருக்கிறான்.

"கொஞ்சம் பிரேக்கை மிதிங்க" என்றாள் நிரசாவாவிடம்.

மிதித்தார். "கொஞ்சம் இறங்குது. ரெண்டு தடவை மிதிச்சா நின்னுக்குது."

"அது அப்படித்தாம்மா இருக்கும்" என்றான் உசுகுரா, பத்திரிகைக்காரருக்கும் கேட்கும்படி. "பெரிய காலிப்பர், பழைய மாஸ்டர் சிலிண்டர். பெடல் கொஞ்சம் நீளும். விவரம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

அதுவும் அவள் தாளில் இருந்து எடுத்ததுதான்.

ஹிசாயோவின் கையில் நீல ஸ்டிக்கர் இருந்தது. பின்பக்கத் தாளை உரித்துக்கூட விட்டாள். ஒட்டிவிட்டால் போதும். முதல் சுற்று ஓடும், இரண்டாவது ஓடும், மூன்றாவதில் சூடேறி, நேரே இறங்கிக் கொண்டை ஊசியாய்த் திரும்புகிற அந்த இடத்தில் பிரேக் பெடலோடு நிரசாவாவின் கால் வண்டியின் அடித்தட்டைத் தொடும். அப்புறம் உசுகுராவின் பேர் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நினைக்க நன்றாகவே இருந்தது. தன் கை நடுங்கவில்லை என்பதைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஸ்டிக்கரைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டாள். இரக்கத்தால் என்று யாரும் அவளைப் புகழ வேண்டாம். நிரசாவா செத்துப்போனால், இவன் மறுபடி யாரையாவது தரையில் அழுத்திவிட்டுத் தப்பித்துப் போவான். அவளுக்கு இவன் தப்பிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"ஸ்டிக்கர் கிடையாது. பிரேக்ல காத்து இருக்கு."

உசுகுரா கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "பாத்தீங்களா? ஆறு வருஷத்துப் பகை! வேலையை விட்டு அனுப்பினேன்ல, அந்த வயித்தெரிச்சல்!"

"பகைதான்" என்றாள் ஹிசாயோ. "பகை இருந்தாலும் காத்து காத்துதான். இந்தத் திடல்ல ஒரு விதி இருக்கு. வேற தலைமுறை பாகம் போட்ட வண்டின்னா, உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவர் என் முன்னாடி வேலையைச் செஞ்சு காட்டணும். கையெழுத்து யாரோடது?"

பட்டறையின் இப்போதைய மெக்கானிக், நெற்றியோரம் நரைத்த நெமோட்டோ, ஸ்பானரோடு முன்னால் வந்தார்.

"நீங்க இல்ல, நெமோட்டோ சான். முதலாளி கையெழுத்து. முதலாளிதான் செய்யணும்."

கேமரா உசுகுராவின் பக்கம் திரும்பியது. வேறு வழியில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். அதற்கே ஸ்பானர் இரண்டு தடவை வழுக்கியது. நெமோட்டோ சொல்லச் சொல்ல நிப்பிளில் கண்ணாடி போல் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டான். நிரசாவா மிதிக்க, இவன் நிப்பிளைத் திறந்தான். குழாயில் பிரேக் ஆயில் தேன் மாதிரித் தெளிவாக ஓடியது. ஒரு குமிழிகூட இல்லை.

"எங்கம்மா காத்து?" உசுகுரா எழுந்து இடுப்பில் கை வைத்தான். "எங்க? என் தொப்பைக்குள்ளயா?"

பெரிய சிரிப்பு எழுந்தது. நிரசாவாவும் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சிரித்தார். ஹிசாயோ சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு இது ஒரு காத்திருப்பா?

ஒரு மரக்கட்டையை எடுத்து நீட்டினாள். "இப்ப காலிப்பரைப் பிடிச்சிருக்கற அந்த ரெண்டு போல்ட்டைக் கழட்டுங்க. காலிப்பரை வெளிய எடுத்து, டிஸ்க் இருந்த இடத்துல இந்தக் கட்டையைச் சொருகுங்க. நிப்பிள் மேல வர்ற மாதிரி தலைகீழாத் தூக்கிப் பிடிங்க."

"எதுக்கு?"

"காரணம் எதுக்கு, முதலாளி? சொன்னதைச் செஞ்சா போதும்."

நெமோட்டோ தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைத்தாரா, வேறு எதையோ மறைத்தாரா என்று தெரியவில்லை. உசுகுரா காலிப்பரைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். நிரசாவா மிதித்தார். நெமோட்டோ எட்டி நிப்பிளைத் திறந்தார்.

குழாய் வெள்ளையாகிவிட்டது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழிகள் பொங்கிப் பொங்கி வந்தன. நிற்கவே இல்லை. வண்டிக்குள்ளிருந்து நிரசாவாவின் குரல் மட்டும் கேட்டது.

"பெடல்... பெடல் அடி வரைக்கும் போகுது."

யாரும் சிரிக்கவில்லை. நிரசாவா பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார், கதவைப் பிடித்தபடி. தூரத்தில் அந்தக் கொண்டை ஊசி வளைவு தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உசுகுராவுக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. காலிப்பரைக் கீழே போட்டான், திரும்பினான். "நெமோட்டோ! மடையா! இப்படியாய்யா மாட்டுவ? ஒரு மனுஷன் உயிரோட விளையாடுவியா? நிரசாவா சான், மன்னிக்கணும், இவன் செஞ்ச வேலை. டேய், மண்டி போடுடா. தலையைத் தரையில வை!"

நெமோட்டோவின் முகம் சாம்பல் பூத்துப்போனது. "நிப்பிள் மேல இருக்க வேணாமான்னு நான் கேட்டேனே... தாள்ல அப்படித்தான் இருக்குன்னு நீங்கதானே..." என்று முணுமுணுத்தார். முணுமுணுத்தபடியே முழங்காலை மடக்கினார். உசுகுராவின் கை அவர் பிடரிக்குப் போயிற்று.

அந்தக் கையைப் பார்த்ததும் ஹிசாயோவுக்குப் பினாயில் நாற்றம் அடித்தது.

"நெமோட்டோ சான், எந்திரிங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வெள்ளைக் கோடு உங்களுது. சரி. பக்கத்துல சிவப்புக் கோடு யாருது?"

எல்லாருக்கும் தெரியும்.

அவள் பெட்டியின் அடித்தட்டிலிருந்து துணி முடிச்சை எடுத்து, நிரசாவாவின் வண்டி பானட் மேல் வைத்து அவிழ்த்தாள். உள்ளே இருந்தது உடைந்த பிராக்கெட்டின் ஒரு பாதி. நட்டும் போல்ட்டும் இன்னும் அதில் இருந்தன.

"இது உங்களுது, நிரசாவா சான். உங்க முழங்காலை எடுத்தது."

நிரசாவா அதை எடுத்தார். வண்டி தெரிந்த மனுஷர், அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முதலில் நட்டைப் பார்த்தார். வெள்ளைக் கோடு நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரே நேராக ஓடியது. பக்கத்தில் சிவப்புக் கோடும் அப்படியே. நட்டு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் கோடு முறிந்திருக்கும். அப்புறம் உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தார். வார்ப்புக்குள் பொரிந்த அரிசி மாதிரி ஓட்டைகள்.

"நட்டு நகரவே இல்ல" என்றார். சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "என் கட்டிலுக்கு முன்னாடி நீங்க..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"நிரசாவா சான், அது வந்து, அப்ப எனக்கும் தெரியாது, வார்ப்புக்காரன் ஏமாத்திட்டான்..." உசுகுரா இடுப்பை வளைத்து வேகவேகமாகக் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"எனக்கு அப்புறம்" என்றார் நிரசாவா. "முதல்ல அவங்களுக்கு."

உசுகுரா சுற்றிலும் பார்த்தான். பதினெட்டாம் எண்ணிலிருந்து முப்பத்தாறு வரை வண்டிக்காரர்கள் நின்றார்கள். பாதிப் பேர் அவனிடம் பாகம் வாங்கினவர்கள். தங்கள் வண்டியில் இருக்கிற சிவப்புக் கோடுகளைத்தான் அவர்கள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே குனிந்து தன் சக்கரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவும் இறங்கவில்லை. இப்போது குனியாமல் போனால் நாளை பட்டறைக் கதவைத் தட்ட ஒரு ஆளும் இருக்க மாட்டான் என்பது உசுகுராவுக்குப் புரிந்தது.

முழங்கால் மடங்கியது. அவன் கைகளைத் தாரில் ஊன்றி, சிந்திக் கிடந்த பிரேக் ஆயிலின் மேலேயே நெற்றியை வைத்தான்.

ஹிசாயோ அந்த வழுக்கைப் பிடரியைப் பார்த்தாள். இப்படி ஒரு நாள் வந்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வெல்லக்கட்டியை வாயில் போட்ட மாதிரி இருந்தது, அதை அவள் அவசரப்பட்டுக் கடிக்க விரும்பவில்லை.

"நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க, முதலாளி" என்றாள்.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அடுத்த வண்டி வரலாம்."

பதினெட்டாம் எண் வண்டி அவனைச் சுற்றிக்கொண்டு மெதுவாக முன்னால் வந்து நின்றது. ஹிசாயோ அதன் முன் சக்கரத்தருகே உட்கார்ந்து, முதல் நட்டிலிருந்து நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தாள். வரிசையில் இன்னும் பதினெட்டு வண்டிகள் இருந்தன.